மலைக்குப் போவதை மறைக்காதீர்கள்

தை மாதம் பிறந்து, காலைக் குளிர் இன்னும் விலகாத நாள்களில், எங்கள் புறநோயாளிகள் பிரிவில் ஒரு சிறு மாற்றம் தென்படும். மாதந்தோறும் மருந்துச் சீட்டுக்கு வருவோரில் சிலர், “இந்த முறை இரண்டு மாதத்துக்குச் சேர்த்து எழுதிக் கொடுங்கள்” என்பர். காரணம் கேட்டால், “வெளியூர்ப் பயணம்” என்று சொல்லி எழுந்துவிடுவர். அந்த வெளியூர் பெரும்பாலும் மலையாகத்தான் இருக்கும். சிலருக்கு வெள்ளியங்கிரி, சிலருக்குச் சதுரகிரி அல்லது பர்வதமலை.  இளைஞர்களோ உத்தரகாண்டின் பனியில் நடக்கக் கேதார்கண்டாவுக்குப் புறப்படுகின்றனர்.

சென்ற ஆண்டு மாசியில் அவ்வாறு புறப்பட்டவர்களுள் 58 வயதுடைய ஒருவரும் இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு நோய்க்கு எங்களிடம் சிகிச்சை பெறுபவர். பாதங்களில் உணர்வு குறைந்துவருவதை எங்கள் குறிப்பேட்டில் இருமுறை பதிவு செய்திருந்தோம். அவர் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் வெறுங்காலுடன், இரவு முழுவதும் நடந்து ஏறியிருக்கிறார். விரதம் என்பதால் உணவைத் தவிர்த்தவர், மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். ஐந்தாவது மலையில் கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டு உட்கார்ந்தபோது, முன்பின் அறியாத ஒருவர் கடலை மிட்டாய் கொடுத்துக் காப்பாற்றினார். தரிசனம் முடித்து நல்லபடியாக வீடும் திரும்பிவிட்டார். பத்து நாள் கழித்துப் படுக்கை விரிப்பில் இரத்தக் கறையைக் கண்டு அவருடைய மனைவி பதறியபோதுதான், கட்டைவிரலின் அடியில் ஆழமாக ஒரு புண் இருப்பது தெரியவந்தது. ஏழு வாரம் கட்டு மாற்றினோம். விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஏன் முன்னரே சொல்லவில்லை என்று கேட்டோம். “சொன்னா போக வேண்டாம்னு சொல்லிடுவீங்களே, டாக்டர்” என்றார்.

அவர் கூறியது உண்மை. மலையேறுவதற்கு மூன்று வாரம் முன்பு அவர் எங்கள் எதிரே அமர்ந்திருந்தார். சர்க்கரை அளவைப் பார்த்தோம், இரத்த அழுத்தத்தைப் பார்த்தோம், சீட்டு எழுதினோம். இரண்டு மாத மருந்து எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், “உங்கள் உடம்புக்கு அதெல்லாம் கூடாது” என்று ஒரே வரியில் முடித்திருப்போம். எங்கள் துறையில் பலரும் இதைத்தான் செய்கிறோம். ‘கூடாது’ என்று சொல்வது எளிது, நேரமும் மிச்சமாகும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு மலைக்குப் போகாமல் நின்றவர்களைவிட, எங்களிடம் சொல்லாமல் போனவர்களே அதிகம் என்பது எங்கள் அனுபவம். ஆகவே இக்கட்டுரையில் எங்கள் கருத்தை வெளிப்படையாகவே வைக்கிறோம். நோயுள்ளவர் மலையேறக் கூடாது என்னும் பொதுத்தடையை மருத்துவர்களாகிய நாங்கள் கைவிட வேண்டும். நோயாளிகளும் குடும்பத்தாரும் பயணத்தை எங்களிடமிருந்து மறைப்பதைக் கைவிட வேண்டும். போகலாமா, எப்போது போகலாம், எந்த மலைக்குப் போகலாம், எந்த மருந்தை எப்படி மாற்ற வேண்டும் என்பனவெல்லாம் ஒன்றாக அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டியவை. அந்தப் பேச்சின் முடிவில் சிலரிடம் ‘இப்போது வேண்டாம்’ என்று நாங்கள் சொல்வோம். காரணத்தோடு சொல்வோம்.

முதலில் வெள்ளியங்கிரியையே எடுத்துக்கொள்வோம். கோவை மாவட்டத்துப் பூண்டியின் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். காலையில் பூங்காவில் தினமும் 6 கிலோமீட்டர் நடப்பவருக்கு இது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஏமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. அந்த 6 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேலாக உடலைத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. சமதரை நடையில் இதயம் செய்யும் வேலை ஒன்று. செங்குத்துப் படிகளிலும் பாறைகளிலும் பல மணிநேரம் ஏறும்போது செய்யும் வேலை முற்றிலும் வேறு. உச்சி சுமார் 6,000 அடி உயரம். இந்த உயரத்தில் பிராணவாயுக் குறைவால் வரும் மலைநோய் பொதுவாக வருவதில்லை. ஆகவே அங்கே ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால், ‘மேலே காற்று குறைவு, சற்று நேரத்தில் சரியாகிவிடும்’ என்று தேற்றுவது பிழை. அது இதயத்தின் அபாய மணியாக இருக்கக்கூடும். 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் அம்மலையில் பக்தர்கள் பலர் அடுத்தடுத்து உயிரிழந்த செய்திகளைப் பலரும் படித்திருப்பீர்கள்.

இதயத்தின் சுமை ஏற்றத்தால் மட்டும் கூடுவதில்லை. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6 முதல் 7 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் சட்டை நனைய வியர்க்கும். மேலே ஏறியபின் அதே ஈரச் சட்டையின்மீது காற்று வீசும். குளிர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், இதயம் மேலும் விசையோடு இயங்க வேண்டிவரும். இந்த நிலையில் ஆறாவது மலையின் ஆண்டி சுனையில் நீராடுவது பலருக்கு நேர்த்திக்கடன். அந்த நம்பிக்கையில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் பல மணிநேரம் ஏறிக் களைத்த உடலைப் பனிபோன்ற நீரில் திடீரென்று அமிழ்த்தினால், மூச்சு கட்டுப்பாடின்றி வாங்கும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஒரே வீச்சில் உயரும். இதயக் குழாயில் அடைப்புள்ளவருக்கு இது தாங்காது. ஆகவே, இதய நோயோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் முழுக்கைத் தவிர்த்து, நீரைக் கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறரும் கால், கை, முகம் என்று நனைத்து, மூச்சு சீரானபின் இறங்குவது நல்லது. உலர்ந்த பனியன் ஒன்றையும் துண்டு ஒன்றையும் நனையாத பையில் வைத்திருங்கள். உச்சியை அடைந்ததும் முதல் வேலை ஈர உடையைக் களைவதாக இருக்கட்டும். படம் எடுப்பது பிறகு.

மலையேறத் தகுதியுண்டா என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். நடுத்தர வேகத்தில் இரண்டு மாடி ஏறிப் பாருங்கள். நடுவில் நிற்கவேண்டியிருக்கிறதா, நெஞ்சில் இறுக்கம் வருகிறதா, மேலே சென்றபின் ஒரு முழு வாக்கியத்தை மூச்சுவிடாமல் பேச முடிகிறதா என்று கவனியுங்கள். தடுமாற்றம் இருந்தால் மலையைப் பற்றி எண்ணும் முன் எங்களிடம் வாருங்கள். தடுமாற்றம் இல்லாவிட்டாலும் அது நுழைவுச்சீட்டு அன்று; பயிற்சியைத் தொடங்கலாம் என்பதற்கு மட்டுமே அனுமதி. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களில் நீரிழிவு, புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் உடையவர்கள், ஈசிஜியோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. ஓய்வில் எடுக்கும் ஈசிஜி ஓய்வில் இருக்கும் இதயத்தைத்தான் காட்டும். டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பார்க்கும் சோதனை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

மாரடைப்பு வந்து சில வாரமே ஆனவர், ஸ்டெண்ட் வைத்துக்கொண்டு அண்மையில் வீடு திரும்பியவர், படுத்தால் மூச்சு வாங்குபவர், கால் வீக்கம் குறையாதவர், அடிக்கடி மயங்கி விழுபவர் ஆகியோர் இந்த ஆண்டு போகவேண்டாம். இவர்களிடம் நாங்கள் தயங்காமல் இதைச் சொல்வோம். ஸ்டெண்ட் வைத்த எவரும், எந்த விரதத்திற்காகவும், இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. ‘தண்ணீர்கூட அருந்தாத விரதம்’ என்று இதை நிறுத்தியவர்களுக்கு ஸ்டெண்டுக்குள்ளேயே இரத்தம் உறைந்து மாரடைப்பு வந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம்.

பயிற்சி என்றதும் பலர் முந்தின வாரத்தை நினைக்கின்றனர். குறைந்தது எட்டு வாரம் வேண்டும். முதலில் வாரத்தில் நான்கைந்து நாள் முக்கால் மணிநேரம் நடை. பிறகு அதில் இரண்டு நாள் படியேற்றம். பிறகு முதுகில் நான்கைந்து கிலோ பையுடன் அதே படியேற்றம். பேச முடிகிற அளவு வேகமே சரியான வேகம். ஏறுவதற்குப் பழகும் பலரும் இறங்கப் பழகுவதில்லை. ஏறும்போது இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன என்றால், இறங்கும்போது தொடைத் தசைகள் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் பிடித்து நிறுத்துகின்றன. களைத்த தசை சட்டென்று கைவிடும். கணுக்கால் பிசகுவதும் முழங்கால் வீங்குவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை வெறும் சம்பிரதாயம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். எங்கள் மூட்டுச் சிகிச்சை நண்பர்கள் எழுதித்தரும் எந்த உபகரணத்துக்கும் அது குறைந்ததன்று.

நீரிழிவு உள்ளவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எங்களிடம் வருபவர்களில் பெரும்பகுதியினர் அவர்களே. மலையேறும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அள்ளி எடுத்துக்கொள்ளும். வழக்கமான அளவு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ அதனுடன் சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். இறக்கம் ஏறும்போதே வரவேண்டும் என்பதில்லை; இறங்கி வந்து உறங்கும் அன்றிரவும் வரலாம். ஆகவே பயண நாளுக்கான மருந்தளவை முன்கூட்டியே எங்களிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை உட்கொள்பவர்கள் உபவாசமும் நீரிழப்பும் சேரும்போது, சர்க்கரை மிக உயராமலேயே இரத்தம் அமிலமாகும் நிலைக்கு ஆளாகலாம். இவற்றை எத்தனை நாள் முன்னதாக நிறுத்துவது என்பதையும் கேட்டறியுங்கள். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், குளுக்கோஸ் பொடி ஆகியவற்றைப் பையின் அடியில் வைக்காமல் சட்டைப்பையில் வையுங்கள். சர்க்கரை இறங்கியவருக்குப் பையைத் திறக்கும் நிதானம் இருக்காது.

இதில் உடன் செல்பவரின் பங்கு பெரிது. தடுமாறும் நடை, பொருத்தமற்ற பேச்சு, காரணமில்லாத எரிச்சல், நடுக்கம் இவை சர்க்கரை இறக்கத்திலும் வரும், குளிரால் உடல் வெப்பம் குறையும்போதும் வரும், உயரமான இடங்களில் மலைநோயிலும் வரும். எது என்று மலைமேல் நின்று ஆராய வேண்டியதில்லை. விழுங்கும் நிலையில் இருந்தால் முதலில் இனிப்பைக் கொடுங்கள். உலர்ந்த உடையைப் போர்த்துங்கள். மேலே ஏறாமல் கீழே அழைத்து வாருங்கள். மூன்றுக்கும் இது பொருந்தும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இரத்த அழுத்தத்துக்காக அட்டினலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை உண்பவருக்குச் சர்க்கரை இறங்கும்போது நெஞ்சுப் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மறைவதில்லை. குளிர்ந்த காற்றில் ஒருவருக்குக் காரணமின்றி வியர்த்தால் ஐயப்படுங்கள்.

பாதங்களைப் பற்றி எங்கள் நிலைப்பாடு உறுதியானது. உணர்வு குறைந்த பாதத்துடன் வெறுங்காலில் மலையேறக் கூடாது. இதைச் சொல்லும்போது சிலருடைய முகம் வாடுவதைப் பார்க்கிறோம். நேர்த்திக்கடனுக்குக் காலணி இழுக்கு என்று கருதுவோர், தோல் அல்லாத துணிக் காலணியை அணிந்து, உச்சிச் சன்னதியின் முன் கழற்றிவைக்கலாமே. புதுக் காலணியைப் பயண நாளன்று அணியாதீர்கள். ஒரு மாதம் நடந்து பழக்கியதாக இருக்கட்டும். ஓய்வெடுக்கும் இடந்தோறும் காலுறையைக் கழற்றி, உடன் வந்தவரிடம் உள்ளங்காலைக் காட்டுங்கள். வலிக்கவில்லை என்பதைப் புண் இல்லை என்று கொள்ளாதீர்கள்.

இமயத்துக்குச் செல்வோரின் கணக்கு வேறு. காற்றில் பிராணவாயுவின் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். உயரம் கூடக்கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது. சுமார் 3,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் செல்பவர் ஒரே நாளில் சுமார் 1,600 மீட்டர் உயர்ந்து 3,583 மீட்டரை அடைகிறார். ஹெலிகாப்டரில் செல்பவர் அதைச் சில நிமிடங்களில் கடக்கிறார். ‘நடக்கவில்லையே, பறந்துதானே போகிறோம்’ என்று வயதான பெற்றோரை அனுப்பும் பிள்ளைகள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். முழங்காலுக்குத்தான் ஹெலிகாப்டர் உதவும். நுரையீரலுக்கு அது உதவாது. மலைநோய் பெரும்பாலும் மேலே சென்ற ஆறு முதல் பன்னிரண்டு மணிநேரத்தில் தொடங்கும். எனவே தரிசனம் முடித்து அன்றே இறங்கிவிடுவது நல்லது.

தலைவலியுடன் குமட்டல், களைப்பு, தலைச்சுற்றல் ஆகியவற்றுள் ஏதேனும் சேர்ந்தால் அது மலைநோய் என்றே கொள்ளுங்கள். மேலே ஏறுவதை நிறுத்துங்கள். நேர்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்க முடியாமை, குழப்பம், ஓய்விலும் அடங்காத மூச்சிரைப்பு, நுரைத்த சளி ஆகியவை மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோப்பதன் அடையாளங்கள். அப்போது இரவு என்றும் பாராமல் கீழே இறக்க வேண்டும். மலைநோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரக நோயாளிகளும் அதை மருந்துக் கடையில் தாமாக வாங்கி உண்ணக் கூடாது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. வடக்கே செல்லும் நம் ஊர்க் குழுக்கள் பலவற்றில் கற்பூரம் கைமாறுகிறது. துணியில் முடிந்து முகர்ந்தால் மூச்சுத்திணறல் வராது என்ற நம்பிக்கை. கற்பூரம் மூக்கினுள் குளிர்ச்சியை உணர்த்தும். அதனால் மூச்சு எளிதானதாகத் தோன்றும். இரத்தத்தில் பிராணவாயு ஓர் அணுவளவும் கூடுவதில்லை. கடைகளில் விற்கும் சிறிய பிராணவாயுக் குப்பிகளும் சில நிமிடங்களுக்கே வரும். இவற்றைக் கையில் வைத்திருக்கும் தைரியத்தில் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் இருப்பதுதான் எங்கள் கவலை. கொரோனாக் காலத்தில் வாங்கிய விரல்நுனிக் கருவியை எடுத்துச் செல்பவர்களுக்கும் ஒரு சொல்: குளிர்ந்து விறைத்த விரலில் அது தவறான எண்ணைக் காட்டும்; அவ்வுயரத்தில் நலமாக இருப்பவருக்குக்கூட அளவு 90க்குக் கீழே இருப்பது இயல்பு. எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

பனியில் நடக்கும் இளைஞர்களுக்குப் பருத்தி உடை உதவாது. பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடல் வெப்பத்தை இழுத்துவிடும். உடலை ஒட்டி விரைவில் உலரும் துணி, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் நீரும் புகாத மேலாடை என்று மூன்று அடுக்காக அணியுங்கள். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே சென்றால் முதலில் உடல் கடுமையாக நடுங்கும். நடுக்கம் தானாக நின்று ஒருவர் அமைதியாகிவிட்டால், தேறிவிட்டார் என்று மகிழாதீர்கள். நிலை முற்றிவிட்டது என்று பொருள். பனியால் வெளுத்து மரத்த விரல்களைத் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. மீண்டும் உறையாது என்ற உறுதியான இடத்தை அடைந்தபின், உடல்சூட்டளவு வெந்நீரில் அமிழ்த்த வேண்டும். ‘சூடு தரும்’ என்று கொடுக்கப்படும் மது, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விரட்டுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த வறண்ட காற்றே தூண்டுதல்; மூக்கையும் வாயையும் துணியால் மூடி, இன்ஹேலரை உள்சட்டைப் பையில் உடல்சூட்டில் வையுங்கள். இன்சுலினுக்கும் அதுவே இடம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகியபின் தெளிவாகத் தோன்றினாலும் பயன்படாது.

குளிருக்காகச் செய்யப்படும் ஒரு காரியம் குளிரைவிடக் கொடியது. உதகையிலும் கொடைக்கானலிலும் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும்போது, தங்கும் அறையிலோ கூடாரத்திலோ கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். இறைச்சி சுட்ட அடுப்பில் மிஞ்சிய தணல்தானே, புகையே இல்லையே என்று எண்ணுகின்றனர். கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் பிரிந்துவிடும். குடும்பத்தோடு சென்று ஒரே அறையில் பலர் மாண்ட செய்திகள் வந்தும் இவ்வழக்கம் ஒழியவில்லை. எத்தனை கம்பளி வேண்டுமானாலும் கேட்டு வாங்குங்கள்; தணலை அறைக்குள் கொண்டுவராதீர்கள்.

அனுமதியைப் பற்றியும் ஒரு சொல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் மாண்டதை மறந்துவிடக் கூடாது. வனத்துறை மூடிய பாதை காரணத்தோடுதான் மூடப்பட்டிருக்கும். அனுமதி பெற்றவர்களின் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கும். திரும்பாதவரைத் தேட யாராவது புறப்படுவார்கள். குறுக்குவழியில் நுழைந்தவரை எவரும் தேடுவதில்லை.

அமர்நாத் யாத்திரைக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம்; கைலாச மானசரோவர் யாத்திரையில் வழியிலும் பரிசோதித்துத் திருப்பி அனுப்புகின்றனர். இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் ஒரு கையொப்பத்துக்காக எங்களிடம் வருபவர்கள், “எல்லாம் நார்மல்தானே, போட்டுக் கொடுங்க” என்று நின்றபடியே கேட்கும்போது எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. எங்கள் கையொப்பம் மலைமேல் யாரையும் தாங்கிப் பிடிக்காது. 108 ஊர்தி அடிவாரம் வரைதான் வரும். அதற்கு மேல் டோலியில் மனிதர்தான் மனிதரைச் சுமந்து இறக்க வேண்டும், அதற்குப் பல மணிநேரம் ஆகும். மாரடைப்புக்கு அந்தப் பல மணிநேரம் இல்லை.

வீட்டில் இருப்பவர்களிடம் நாங்கள் வேண்டுவது அதிகமில்லை. அப்பாவோ மாமாவோ மலைக்குக் கிளம்பினால் தடுத்துச் சண்டையிட வேண்டாம்; தடுத்தால் அடுத்தமுறை உங்களிடமும் சொல்லாமல் போவார். அவரோடு புறநோயாளிகள் பிரிவுக்கு வாருங்கள். நோயின் பெயர், மருந்துகளின் பெயர், ஒவ்வாத மருந்து, உங்கள் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். கைப்பேசி அணைந்துவிடும், தாள் அணையாது. எத்தனை மணிக்குள் திரும்பி வந்து தகவல் சொல்வார் என்பதையும், அந்த நேரம் கடந்தால் யாரை அழைப்பீர்கள் என்பதையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உடன் செல்பவரிடம், ‘முடியவில்லை என்றால் எந்த மலையில் இருந்தாலும் இருவருமே திரும்பிவிட வேண்டும்’ என்பதைப் புறப்படும் முன்பே அவர் எதிரிலேயே சொல்லி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது அந்தப் பேச்சைத் தொடங்கினால் எடுபடாது.

விரலை இழந்த அந்த அன்பர் இந்த மார்கழியில் மீண்டும் வந்தார். இம்முறை மனைவியும் உடன் வந்திருந்தார். நாற்காலியில் அமர்ந்ததும், “டாக்டர், இந்த வருஷமும் போகணும்னு இருக்கேன்” என்றார். எங்களில் ஒருவருக்கு ‘கூடாது’ என்ற சொல் நாநுனிவரை வந்துவிட்டது. பிறகு பாதத்தைப் பார்த்தோம். புண் ஆறிய இடம் இன்னும் மெல்லியதாக இருக்கிறது. டிரெட்மில் சோதனைக்கு எழுதிக் கொடுத்தோம். கால் அளவுக்கேற்ற காலணிக்குப் பாதச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். இப்போது வாரம் இருமுறை மருதமலைப் படிகளில் பாதிவரை, மனைவியோடு, காலணி அணிந்து ஏறி இறங்குகிறார்; இறங்கியதும் இருவரும் படியில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பார்க்கின்றனர். சர்க்கரை அளவையும் பாதத்தின் நிலையையும் ஒரு நோட்டில் எழுதிவருகிறார். சிவராத்திரிக்குப் பத்து நாள் முன்பு அந்த நோட்டோடு வரச்சொல்லியிருக்கிறோம். வெள்ளியங்கிரியா, மருதமலையோடு இந்த ஆண்டு நிறுத்திக்கொள்வதா என்பதை அன்று மூவருமாகப் பேசி முடிவு செய்வோம்.